வீட்டுக்காரர்களுக்குக் கார்டு அனுப்பி வீடு வாங்க முடியுமா?

கேட்டவர் அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில், கொலம்பஸ் பக்கம் இருக்கிறார். வாடகைக்கு விட இரண்டு மூன்று வீடுகள் வாங்க வேண்டும். ஏஜென்ட் மூலம் விற்பனைக்கு வரும் வீடுகளுக்குப் போட்டி அதிகம் என்பதால், ஒரு டேட்டா கம்பெனியிடம் லிஸ்ட் வாங்கி, 300 பேருக்கு "உங்கள் வீட்டை நான் வாங்கிக்கொள்கிறேன்" என்று போஸ்ட்கார்டு அனுப்பியிருக்கிறார். வந்தவை இரண்டே அழைப்புகள். ஒருவர் சந்தை விலைக்கும் மேலே கேட்டார், மற்றவர் "என் பெயரை எடுத்துவிடு" என்றார். கார்டின் வாசகத்தை மாற்றுவதா, இல்லை இந்த வழிக்கே காலம் போய்விட்டதா என்று கேட்கிறார். இதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: 300 கார்டின் முடிவை வைத்து எதையாவது தீர்மானிக்கலாமா? முடியாது. அதற்கான காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இந்தத் தொழிலில் நூறு கார்டுக்கு ஓர் அழைப்பு என்று ஒரு கணக்கு புழங்குகிறது. அது ஊருக்கு ஊர், லிஸ்ட்டுக்கு லிஸ்ட் மாறும். கணக்குப் போட வசதியாக அதையே எடுத்துக்கொள்வோம். அப்படியானால் 300 கார்டுக்கு சராசரியாக மூன்று அழைப்பு வர வேண்டும். சராசரி மூன்று என்ற நிலையில், எல்லாம் சரியாக இருந்தும் இரண்டோ அதற்குக் குறைவோ வருவதற்கான வாய்ப்பு 42 சதவீதம். ஆக, உங்களுக்கு நடந்தது நல்ல லிஸ்ட்டிலும் நடக்கும், மோசமான லிஸ்ட்டிலும் நடக்கும். எது என்று இந்த எண்ணிக்கை காட்டாது. ஒப்பந்தம் என்று வரும்போது இது இன்னும் கடுமை. ஒரு வீடு அமைய சராசரியாக 3,000 கார்டு தேவை என்று வையுங்கள். 3,000 அனுப்பிய பிறகும் ஒன்றுகூட அமையாமல் போக 37 சதவீத வாய்ப்பு இருக்கிறது. இதில் இறங்குகிறவர்களில் பலர் இந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள். பணத்தை ஒரே தடவையில் செலவழித்துவிட்டு, தற்செயலாக வந்த பூஜ்யத்தைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆகவே வாசகத்தைத் தொடும் முன் லிஸ்ட்டைத் திறந்து பாருங்கள். கார்டு எவ்வளவு அழகாக இருந்தாலும், விற்க வேண்டிய காரணம் இல்லாதவர் விற்கப் போவதில்லை. காரணம் இருப்பவர் சாதாரண வெள்ளைத் தாளில் வந்த கடிதத்துக்கும் கூப்பிடுவார். அந்தக் காரணம் வெளியிலிருந்து தெரிகிற இடங்கள் சிலவே: உரிமையாளர் வேறு ஊரில் இருப்பது, வீடு காலியாகக் கிடப்பது, சொத்து வாரிசுக்கு வந்திருப்பது, வரி நிலுவை, நகராட்சி நோட்டீஸ், வங்கி தொடுத்த வழக்கு. உங்களிடம் இருக்கும் லிஸ்ட் வெறும் "இந்த ஜிப் கோடில், இந்த மதிப்புக்குள் இருக்கும் வீடுகள்" என்றால் அது லிஸ்ட்டே இல்லை, தொலைபேசிப் புத்தகம்.

ஓஹாயோவில் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. சொத்து விவரங்களை வைத்திருப்பது கவுன்ட்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) ஆடிட்டர் அலுவலகம். அதன் இணையதளத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் உரிமையாளர் பெயர், கடைசியாகக் கைமாறிய தேதி, விலை எல்லாம் இலவசமாகப் பார்க்கலாம். டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் விற்பனை விலை பொதுப் பதிவில் இருக்காது. அங்கே டேட்டா கம்பெனிகள் சொல்வது மதிப்பீடு மட்டுமே. உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. தானே குடியிருக்கும் உரிமையாளருக்கு ஓஹாயோ சொத்து வரியில் ஒரு சலுகை தருகிறது. ஒரு வீட்டுக்கு அந்தச் சலுகை இல்லை, உரிமையாளரின் அஞ்சல் முகவரியும் வேறு என்றால், அவர் அங்கே குடியில்லை என்பதற்கு நல்ல அறிகுறி. அறிகுறிதான், சான்று இல்லை. சலுகைக்கு விண்ணப்பிக்க மறந்தவர்களும் இருக்கிறார்கள். அதோடு, 2 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள கவுன்ட்டிகளில் வாடகை வீட்டு உரிமையாளர்கள் ஆடிட்டரிடம் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. கொலம்பஸ் இருக்கும் ஃப்ராங்க்ளின் கவுன்ட்டி அதில் வரும். நீங்கள் தேடுவது வாடகை வீடு என்பதால் இது உங்களுக்கு நேரடியாக உதவும்.

இங்கே ஒரு பொறி. சொத்துப் பதிவில் "வரி பில் போகும் முகவரி" என்று ஒன்று இருக்கும். கடன் உள்ள வீடுகளில் வரியைக் கடன் நிறுவனமே எஸ்க்ரோ கணக்கிலிருந்து (வரிக்காக மாதாமாதம் வாங்கிச் சேர்த்துவைக்கும் கணக்கு) கட்டுவதால், அந்த முகவரி பல சமயம் வேறு மாநிலத்தில் உள்ள ஒரு வரி சேவை நிறுவனத்தினுடையதாக இருக்கும். மலிவான லிஸ்ட்டுகள் அதைப் பார்த்து "வெளியூர் உரிமையாளர்" என்று குறித்துவிடும். உங்கள் எக்செல் கோப்பை அஞ்சல் முகவரிப்படி வரிசைப்படுத்திப் பாருங்கள். ஒரே தபால் பெட்டி எண் முப்பது நாற்பது தடவை வந்தால் அந்தக் கார்டுகள் எந்த வீட்டுக்காரர் கைக்கும் போகவில்லை, ஏதோ ஓர் அலுவலகத்தின் குப்பைத்தொட்டிக்குப் போயிருக்கின்றன. 300-இல் இப்படி எத்தனை என்று எண்ணுவதே நான் சொல்லும் முதல் வேலை.

அதே கோப்பில் இன்னும் சிலவற்றை நீக்க வேண்டும். வங்கி, அரசு, தேவாலயம் பெயரில் இருப்பவை, கடந்த இரண்டு ஆண்டுக்குள் கைமாறியவை, இப்போது ஏஜென்ட்டிடம் விற்பனைக்குக் கொடுக்கப்பட்டிருப்பவை எல்லாம் போகட்டும். எல்.எல்.சி (சிறு தனியார் நிறுவனம்) பெயரில் இருப்பவற்றை நீக்காதீர்கள், தனியாக வையுங்கள். மாநிலச் செயலர் அலுவலகத்தின் இணையதளத்தில் அந்த நிறுவனத்தின் பதிவு ஆவணங்களைப் பார்த்தால், யாருக்கு எழுதுவது என்று பல சமயம் தெரிந்துவிடும். ஒரே ஆளுக்கு ஆறு வீடு இருந்தால் கோப்பில் அவர் பெயர் ஆறு தடவை இருக்கும். அவருக்கு ஒரே நாளில் ஆறு கார்டு போனால் நீங்கள் யார் என்று அவர் முடிவு கட்டிவிடுவார். பெயர்ப் பத்தியையும் கண்ணால் ஓட்டிப் பாருங்கள். அரசுப் பதிவில் குடும்பப் பெயர் முன்னால் வரும், பின்னால் டிரஸ்டி என்பதற்கான சுருக்கெழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். அதை அப்படியே "அன்புள்ள" என்பதற்குப் பின்னால் போட்டால் இயந்திரம் எழுதிய கடிதம் என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

அடுத்து ஈக்விட்டி, அதாவது வீட்டின் மதிப்பில் கடன் போக உரிமையாளருக்கு மிஞ்சுவது. சரிசெய்த பிறகு 2,40,000 டாலர் போகக்கூடிய வீடு, 40,000 டாலர் வேலை இருக்கிறது என்று வையுங்கள். சரிசெய்து விற்பவர்கள் பொதுவாக 70 சதவீதக் கணக்கு போடுவார்கள்: 2,40,000-இல் 70 சதவீதம் 1,68,000, அதில் 40,000 போக 1,28,000. அதற்கு மேல் அவர்களால் தர முடியாது. உரிமையாளருக்கு 1,40,000 கடன் பாக்கி இருந்தால், அவர் எவ்வளவு அவசரத்தில் இருந்தாலும் இந்த விலைக்கு அவரால் விற்க முடியாது. நீங்கள் வைத்துக்கொண்டு வாடகைக்கு விடப் போகிறவர் என்பதால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தர முடியலாம். வாடகையிலிருந்து வரி, காப்பீடு, பராமரிப்பு, காலியாகக் கிடக்கும் மாதங்கள், வட்டி எல்லாம் கழித்துப் பாருங்கள், உங்கள் எல்லை அங்கே தெரியும். எப்படியானாலும், பத்து ஆண்டுக்கு மேல் கையில் வைத்திருப்பவர்களையும் கடன் இல்லாதவர்களையும் முன்னால் வையுங்கள்.

வாரிசு வீடுகளைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நல்ல வாய்ப்பும் தவறாகப் போகும் இடமும் இதுதான். ஒவ்வொரு கவுன்ட்டியிலும் இறந்தவர்களின் சொத்தைக் கவனிக்கும் புரோபேட் நீதிமன்றத்தின் கோப்புகள் பொதுவில் உள்ளவை. இறந்தவரின் பெயருக்கு எழுதாதீர்கள். அவர் சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் நியமித்த எக்ஸிகியூட்டர் (உயில் இருந்தால்) அல்லது அட்மினிஸ்ட்ரேட்டருக்கு (உயில் இல்லாவிட்டால்) எழுதுங்கள். நீதிமன்றம் தரும் அதிகாரக் கடிதம் கைக்கு வரும்வரை அவரால் எதிலும் கையெழுத்துப் போட முடியாது. வந்த பிறகும், வீட்டை விற்கும் அதிகாரம் உயிலில் இருக்கிறதா, வாரிசுகளின் சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ வேண்டுமா என்று பார்க்க வேண்டும். ஓஹாயோவில் பலர் இறப்புக்குப் பின் சொத்து நேரடியாக இன்னாருக்குப் போகட்டும் என்று முன்கூட்டியே பிரமாணப் பத்திரம் பதிந்துவைக்கிறார்கள். அந்த வீடுகள் புரோபேட் கோப்பில் வராது, பத்திரங்களைப் பதியும் ரெக்கார்டர் அலுவலகப் பதிவில்தான் தெரியும். மரணம் நடந்த அடுத்த வாரமே கடிதம் போய் விழுவது மனிதத்தன்மை இல்லாத செயல். வேலைக்கும் உதவாது. குடும்பம் பொருட்களைப் பிரித்து, காலி வீட்டுக்கு வரியும் காப்பீடும் கட்டி அலுத்துப்போக மாதங்கள் ஆகும். மூன்று நான்கு மாதம் கழித்து, இரங்கலை நீட்டி முழக்காமல், வீட்டை உள்ளிருக்கும் சாமான்களோடு அப்படியே வாங்கிக்கொள்ள முடியும் என்று எழுதுங்கள். சாமான்களைக் காலி செய்யும் வேலைதான் பல குடும்பங்களைத் தடுத்து வைத்திருக்கிறது.

இப்போது தபால். முதல் தடவை எப்போதும் ஃபர்ஸ்ட் கிளாஸில், கடிதத்தின் மேல் "ரிட்டர்ன் சர்வீஸ் ரெக்வெஸ்டட்" என்று அச்சிட்டு அனுப்புங்கள். போய்ச் சேராதவை, புது முகவரியோ சேராத காரணமோ ஒட்டப்பட்டு, கூடுதல் கட்டணம் இல்லாமல் உங்களிடம் திரும்பி வரும். மலிவான மார்க்கெட்டிங் மெயிலுக்குக் குறைந்தது 200 உருப்படி வேண்டும், அனுமதியும் வேண்டும். அச்சகத்தின் அனுமதியிலேயே அனுப்பிக்கொள்ளலாம். ஆனால் அதில் அப்படி எதுவும் குறிப்பிடாவிட்டால், சேராதவை சத்தமில்லாமல் அழிக்கப்படும். உங்கள் 300-இல் எத்தனை போய்ச் சேர்ந்தன என்றே உங்களுக்குத் தெரியாது. திரும்பி வந்த கடிதங்களைத் தூக்கிப் போடாதீர்கள். மற்றவர்களின் கார்டுகளும் சேராத உரிமையாளர்கள் அவர்கள்தான். பதிவுகளைத் தேடிச் சரியான முகவரியைக் கண்டுபிடித்தால் போட்டியே இல்லாத கதவு அது. பழைய லிஸ்ட்டை அனுப்பும் முன் அஞ்சல் துறையின் முகவரி மாற்றப் பதிவோடு ஒப்பிடச் சொல்லுங்கள். அச்சகங்கள் வழக்கமாகவே இதைச் செய்து தரும். தபால்காரர் 90 நாளுக்கு மேல் ஆளில்லை என்று குறித்த முகவரிகளுக்குக் காலி வீடு என்ற அடையாளமும் கிடைக்கும். அந்த வீட்டுக்கு அனுப்பிப் பயனில்லை, அதன் உரிமையாளருக்கு அனுப்புங்கள். ஒரு தெரு முழுவதும் எல்லா வீட்டுக்கும் போடும் சேவை ஒன்று இருக்கிறது. அது குடியிருப்பவருக்குப் போகும். உங்களுக்கு வேண்டியவர் வேறு ஊரில் இருக்கிறார். செலவை மிச்சப்படுத்த நாமே நேரில் போய் ஸ்டாம்ப் ஒட்டாத துண்டுச்சீட்டைத் தபால் பெட்டிக்குள் போடுவது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம்.

வாசகத்தைப் பற்றி ஒரு பத்தி போதும். உங்கள் பெயர், உங்கள் எண், அந்த வீட்டின் தெரு முகவரி, வாடகைக்கு விட வாங்குகிறீர்கள் என்ற உண்மை, ரிப்பேர் செய்ய வேண்டாம், கமிஷன் இல்லை, விருப்பமில்லை என்றால் சொல்லுங்கள், பெயரை எடுத்துவிடுகிறேன். இவ்வளவுதான் கடிதம். விலை எழுதாதீர்கள். உள்ளே பார்க்காத வீட்டுக்கு எழுதும் எண் ஒன்று அவமதிப்பாக இருக்கும், இல்லையென்றால் உங்களைக் கட்டிப்போடும். அரசு நோட்டீஸ் போலவோ பில் போலவோ காசோலை போலவோ வடிவமைப்பது சிலருக்குப் பிடித்த உத்தி. அரசுத் தபால் போலத் தோன்றும் விளம்பரங்களுக்கு 1999-இல் வந்த சட்டம் கட்டுப்பாடு விதிக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் ஏமாந்து உறையைத் திறந்தவர் உங்களிடம் வீட்டை நம்பித் தர மாட்டார்.

கையெழுத்து போன்ற எழுத்துருவா அச்செழுத்தா, மஞ்சள் தாளா வெள்ளைத் தாளா, கார்டா உறையா என்பதெல்லாம் உறுதியாகச் சொல்லக்கூடியவை இல்லை. இந்தக் கார்டுகளை அச்சடித்து விற்கிறவர்கள் அடித்துச் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த அளவில், வாரிசுகளுக்கும் முதியவர்களுக்கும் உறையில் கடிதம் மரியாதையாக இருக்கும். வாடகை விடும் உரிமையாளர்களுக்குக் கார்டே போதும். இரண்டையும் ஒப்பிட வேண்டுமானால் ஒரே லிஸ்ட்டைக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, வெவ்வேறு தொலைபேசி எண் போட்டு, ஒரே நாளில் அனுப்புங்கள். அதிலும் சில ஆயிரம் போன பிறகுதான் வித்தியாசம் தெரியும். "பெரும்பாலான டீல்கள் ஐந்தாவது கடிதத்துக்குப் பிறகே" என்ற வாசகமும் எல்லோரும் சொல்வது, ஆதாரம் காட்டுவோர் குறைவு. ஆனால் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. விற்கும் காரணம் உங்கள் கார்டு வரும் நாளில் பிறப்பதில்லை. வாடகைக்காரர் மார்ச்சில் ஓடிப்போவார், கொதிகலன் நவம்பரில் உடையும். அந்த வாரத்தில் உங்கள் கடிதம் மேஜையில் இருக்க வேண்டும். கார்டுக்கு அச்சும் ஸ்டாம்பும் சேர்ந்து ஒரு டாலர் என்று வைத்தால், 3,600 டாலரை 3,600 பேருக்கு ஒரு தடவை செலவிடுவதைவிட, நன்றாகச் சலித்தெடுத்த 600 பேருக்கு ஆறு வாரத்துக்கு ஒன்றாக ஆறு தடவை செலவிடுங்கள். வேண்டாம் என்றவரை அன்றே நீக்குங்கள்.

அழைப்பு வந்தால் எடுங்கள். குரல் அஞ்சலுக்குப் போனால் அடுத்த கார்டில் உள்ள எண்ணுக்கு அவர் போய்விடுவார். முதல் பேச்சில் தெரிய வேண்டியவை: வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள், கூரை, வீட்டைச் சூடாக்கும் உலை, அடித்தளத்தில் ஈரம் எப்படி, எதனால் விற்க நினைக்கிறார், எப்போதைக்குள், கடன் எவ்வளவு, பத்திரத்தில் வேறு யார் பெயர் இருக்கிறது. விலையை அவர் வாயால் வரவிடுங்கள். சந்தை விலைக்கு மேல் கேட்டவரைத் தூக்கிப் போடாதீர்கள். கூப்பிட்டிருக்கிறார் என்பதே 298 பேர் செய்யாத காரியம். இரண்டு மாதம் கழித்து நீங்களே கூப்பிட்டு, வீடு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். கடிதம் கிடைத்து அவரே அழைத்ததால் இது சிக்கலில்லை. ஆனால் லிஸ்ட்டில் உள்ளவர்களின் எண்களைத் தேடி நீங்களாக மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்பத் தொடங்கினால், 1991-இன் தொலைபேசி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்து நிற்கும். ஒரு மீறலுக்கு 500 டாலர், தெரிந்தே செய்தால் 1,500 வரை.

வயதானவரோ குழப்பமாகப் பேசுகிறவரோ கூப்பிட்டால், பிள்ளைகளையோ ஒரு வழக்கறிஞரையோ கூட வைத்துக்கொண்டு பேசலாம் என்று நீங்களே சொல்லுங்கள். ஏஜென்ட் மூலம் விற்றால் கூடுதலாகக் கிடைக்கும் என்றால் அதையும் மறைக்காதீர்கள். வேகமும் தொல்லையில்லாமையும் வேண்டும் என்று அதற்குப் பிறகும் உங்களிடம் விற்பவரின் கையெழுத்துதான் நிற்கும். இன்னொன்று: ஒப்பந்தம் போட்டு அதை வேறொருவருக்குக் கைமாற்றிக் கட்டணம் வாங்கும் எண்ணம் வந்தால், அது தனிச் சட்டப் பிரச்சினை. இல்லினாய் 2019-இல் இதை ரியல் எஸ்டேட் தரகர் உரிமச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது, ஓக்லஹோமா 2021-இல் தனிச் சட்டம் போட்டது, தென் கரோலினா 2024-இல் தடையே விதித்தது. மாநிலங்கள் தொடர்ந்து மாற்றிவருவதால், ஓஹாயோவில் இன்றைய நிலையை அங்குள்ள ரியல் எஸ்டேட் அட்டர்னியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் அட்டர்னி இல்லை.

விலை ஒத்துவந்தால் முன்பணத்தை உரிமையாளர் கையில் கொடுக்காமல் டைட்டில் கம்பெனியில் (சொத்தின் உரிமையைச் சரிபார்த்து விற்பனையை முடித்துத் தரும் நிறுவனம்) கட்டுங்கள். அடமானம், வருமான வரித் துறை பாக்கிக்காக வீட்டின் மேல் வைத்திருக்கும் பிணையுரிமை, கட்டப்படாத தண்ணீர் பில், பழைய கோர்ட் தீர்ப்பு எல்லாம் அவர்கள் தேடும்போது வெளிவரும். ஓஹாயோ போன்ற ஒருசில மாநிலங்களில் மட்டுமே உள்ள ஒன்றை நீங்களே முதல் நாளில் கேட்டுவிடுங்கள்: உரிமையாளருக்குத் திருமணம் ஆகியிருக்கிறதா? அங்கே டவர் (dower) உரிமை, அதாவது ஒருவரின் வீட்டில் அவரது கணவனுக்கோ மனைவிக்கோ சட்டம் தரும் பங்கு, இன்னும் உயிரோடு இருக்கிறது. பத்திரத்தில் பெயரே இல்லாத கணவனோ மனைவியோ கையெழுத்துப் போடாவிட்டால் அந்த உரிமை வீட்டின் மேல் நின்றுகொண்டே இருக்கும். பிரிந்து வாழ்ந்தாலும் விவாகரத்து ஆகாதவரை அப்படித்தான். ஒப்பந்தத்திலேயே இருவரின் கையெழுத்தையும் வாங்குங்கள். பத்திரப்பதிவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது வேறு மாநிலத்தில் இருக்கும் மனைவியைத் தேடுவது மிகவும் கஷ்டம்.